பாண் பெட்டிக்குள் பதிந்த பாட்டு

விட்டுப் போக மனம் வராத முதல் வேலை எனக்குப் பாண் ஓட்டோ ஓட்டுவதுதான். அதற்கு முன் செய்த எல்லாவற்றையும் ஏதாவது ஒரு காலையில் பையைத் தூக்கிக்கொண்டு விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மன்னாரில் கருவாட்டு வாடி, வவுனியாவில் அரிசி ஆலை, கட்டாரில் சாரம் கட்டும் வேலை, திரும்பி வந்து லொறியில் கிளீனர். பள்ளிக்கூடத்தை மட்டும் நான் விடவில்லை. ஏழாம் வகுப்பில் இருந்தபோது சண்டையில் ஷெல் விழுந்து பள்ளிக்கூடம்தான் இடிந்து போனது. அதே வாரத்தில் என் இடது காதும் முக்கால்வாசி போனது. பிறகு இடம் மாறி மாறி இருந்ததில், புத்தகத்தைத் திரும்பத் திறக்க நேரம் கிடைக்கவில்லை.

புத்தூரில் ஒரு பேக்கரியின் போறணை அடுப்புக்கு விறகு இறக்கத்தான் வந்தேன். ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தவர் வெளிநாட்டுக்குப் போய்விட, முதலாளி என்னைப் பார்த்து, "உனக்கு ஓட்டோ ஓடத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அன்று பின்னேரமே ஓட்டோவின் திறப்பைத் தந்துவிட்டார்.

பாண் ஓட்டோவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் ஏறும் இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. மேல் தட்டில் பணிஸும் ரோல்ஸும், கீழ்த் தட்டுகளில் பாண் என்று நாங்கள் சொல்கிற பிரெட். கூரையில் ஒரு சின்னக் குழாய் ஸ்பீக்கர். அதில் ஒரே மெட்டு ஓயாமல் ஒலிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் சந்து ஒழுங்கைகளில் இருக்கிற சனம் வாசல் படலைக்கு வரும். காலையில் ஒரு சுற்று, பின்னேரம் ஒரு சுற்று. நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கலாம், ஆனால் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. என் காலுக்கும் மனதுக்கும் ஒரே நேரத்தில் பொருந்திய வேலை அதற்கு முன் வாய்த்ததில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்து ஊர்ப் பேக்கரிக்காரர் ஒருவரும் ஓட்டோ வாங்கினார். அதை ஓட்டியவன் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெடியன். எனக்கு ஸ்பீக்கர் பூட்டிய கடையிலேயே அவனுக்கும் பூட்டினார்கள். எனக்குப் போட்டுத் தந்த மெட்டையே அவனுக்கும் போட்டுக் கொடுத்தார்கள். அவன் என் ஒழுங்கைகளுக்குள் எனக்குச் சற்று முன்னால் வந்து போகத் தொடங்கினான். சத்தம் கேட்டு வெளியே வந்த சனம் அவனிடம் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். நான் வரும்போது எல்லோரும் தேத்தண்ணியில் பாணைத் தோய்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வீட்டில் யன்னலைத் திறக்காமலே கேட்டார்கள்:

"அண்ணை, இப்பதானே வந்திட்டுப் போனீங்கள். என்னத்தையும் விட்டிட்டுப் போட்டீங்களோ?"

வித்துத் தீராத பாண் பேக்கரிக்குத் திரும்பியது. முதலாளி அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். ஒரு நாள் மூடாமல் நின்றார்.

"இந்த மாதம் முடியிற வரைக்கும் பாப்பன். உப்பிடியே எண்டால், அக்கான்ரை மோன் வீட்டில சும்மாதான் நிக்கிறான், ஓட்டோவை அவனிட்டைக் குடுத்திடுவன். நீ போறணைக்கு வா. உன்னைப் போகச் சொல்லேல்லை."

அவர் நியாயமான மனிதர். போறணை வேலையும் கேவலமில்லை. ஆனால் என்னை எனக்குத் தெரியும். நெருப்புக்கு முன்னால் ஒரே இடத்தில் நின்றால், ஒரு கிழமையில் பையைத் தூக்கிவிடுவேன். இந்த முறை தூக்க எனக்கு விருப்பமில்லை.

வேறு மெட்டு வேண்டும், அதுவும் கடையில் கிடைக்காத மெட்டாக இருக்கவேண்டும் என்று தோன்றியது. கட்டாரில் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுத்த நேபாளக்காரன் ஒருவன் போனில் ஒரு செயலி வைத்திருந்தான். ஒரு வரி பாடிப் பதிவான். அதை இயர்போனில் கேட்டுக்கொண்டே அதற்கு மேல் இன்னொரு வரி பதிவான். கடைசியில் நாலு நேபாளக்காரர் கூடிப் பாடுவது போல இருக்கும். வேலை முடிந்து வந்து களைத்துக் கிடக்கும் அறையில் அதைக் கேட்டுவிட்டு, மற்ற மூவரும் எங்கே என்று ஒருவர் கட்டிலுக்கு அடியில் தேடியதும் உண்டு. ஊருக்குப் போகும்போது அவன் தன் மவுத் ஓர்கனை எனக்குத் தந்துவிட்டுப் போனான்.

அதே செயலியை என் போனில் இறக்கினேன். திரையில் கீறல் விழுந்த பழைய போன்தான், ஆனால் வேலை செய்தது. பதிகிறவை ஒன்றின் கீழ் ஒன்றாக வெங்காயப் பாத்தி மாதிரிக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ட்ராக் என்று பெயர். ஒரு பாத்திக்குப் போகும் தண்ணீரை மட்டும் அடைப்பது போல ஒரு ட்ராக்கின் சத்தத்தை மட்டும் அடைக்கலாம். மற்றப் பாத்திகளுக்கு ஒன்றும் ஆகாது. புத்தூர்ச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு வேறு வார்த்தையே தேவைப்படவில்லை.

மெட்டு என் சொந்த மெட்டுத்தான். லொறியில் திரிந்த காலத்தில் வாயில் ஒட்டிக்கொண்ட ஒன்று. பாதி சீட்டி, பாதி கொட்டாவி. அதை மவுத் ஓர்கனில் ஊதிப் பதிந்தேன். போட்டுக் கேட்டால், மெட்டைத் தவிர மற்ற எல்லாம் கேட்டது. பேக்கரி மின்விசிறி, அடுத்த வளவுத் தண்ணிப் பம்பு, காகம், மாக் குழைக்கிறவர்களின் சண்டை. அறைக்குள் போய்ப் பதிந்தால் கிணற்றுக்குள் இருந்து ஊதியது போல எதிரொலி.

ஒரு காலை மழைக்கு ஒதுங்கி நின்றபோது, பெட்டியின் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு ஊதிப் பார்த்தேன். சத்தம் அவ்வளவு சுத்தமாக வந்தது. சூடான பாண் அடுக்கடுக்காக இருக்கும்போது எதிரொலியை அது விழுங்கிவிடுகிறது. வெளிச் சத்தத்தையும் பெரும்பாலும் விடாது. அன்று முதல் காலைச் சுற்றுக்கு முன், வாழைத்தோட்டம் ஒன்றின் ஓரமாக ஓட்டோவை நிறுத்திவிட்டு, பாணின் மேல் பொலித்தீன் தாளை விரித்து, தோள் வரைக்கும் உள்ளே போய்விடுவேன். வெளியில் தெரிவது இடுப்பும் காலும் மட்டும்.

அந்த வாழைத்தோட்டத்து வீட்டு அக்கா என் வாடிக்கை. ஐம்பது வயதிருக்கும். ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன கறி என்பது அவருக்குத் தெரியும். ஒரு நாள் பின்னால் வந்து நின்றார்.

"தம்பி, என்ன, பெட்டிக்குள்ள போய் இருந்து பாணைத் தின்னுறீரோ?"

"இல்லை அக்கா, பாட்டுப் பதியிறன்."

"பாணுக்கோ?"

"ஓம்."

"பாணுக்குப் பாட்டுக் கேக்கத் தெரியுமெண்டு எனக்கு இப்பதான் தெரியும். அப்ப அரை றாத்தல் தாரும். பாட்டுக் கேட்டதாப் பாத்துத் தாரும்."

முதல் ட்ராக்குக்கு மேல் இரண்டாவதை ஊதியபோது அது அரை மூச்சுப் பிந்தி விழுந்தது. என் பிழை என்று நினைத்து நாலைந்து முறை ஊதினேன். பழைய போன் என்றால் அப்படித்தானாம், கேட்டதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்குமாம் என்று ஸ்பீக்கர் கடையில் சொன்னார்கள். ஆனால் பிந்தி விழுந்ததை விரலால் பிடித்து இழுத்து முன்னால் விடலாம். இந்த வசதி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பஸ்களுக்கும் இப்படி ஒன்று இருந்திருந்தால் என் காலத்தில் பாதி மிஞ்சியிருக்கும்.

என் சுற்றில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். வீட்டிலும் ஒரு கீபோட் உண்டு. மீன் பணிஸ் வாங்க வந்தவரிடம் இயர்போனைக் கொடுத்தேன். ஒரு காதில் வைத்தார், எடுத்தார், மற்றக் காதில் வைத்தார்.

"தம்பி, நீங்கள் ஊதினது எல்லாம் ஒரு பக்கத்திலைதான் கேக்குது. மற்றப் பக்கம் வெறுமையாக் கிடக்கு."

எனக்கு அது தெரியவே இல்லை. வலது காதில் நன்றாகக் கேட்கும்வரை ஒரு பொத்தானை நான் திருப்பிக்கொண்டே போயிருக்கிறேன். என் இடது காதின் கதையைச் சொன்னேன். அவர் "ஐயோ" என்றெல்லாம் சொல்லவில்லை. "அப்ப அந்தப் பக்கத்துக்கு நான் காது" என்றார். மெட்டை நடுவுக்குக் கொண்டுவந்து விட்டோம். பிறகு கீபோட்டை விறாந்தைக்கு எடுத்து வந்து, என் மெட்டின் அடியில் கட்டைகளை அழுத்தி வாசித்துத் தந்தார். கந்தலாகத் திரிந்த என் மெட்டுக்குச் சட்டை போட்டுவிட்டது போல இருந்தது. ஒன்றே ஒன்று. முடிகிற இடத்தில் இரண்டு முறை நீட்டி அழுத்தினார். தேவாலயத்தில் எல்லோரும் ஆமென் பாடும் இடம் அது.

"ரீச்சர், பாணுக்கு ஆமென் வேணுமோ?"

"கை தானாப் போகுது, தம்பி. நீங்கள் வெட்டிவிடுங்கோ."

வெட்டிவிட்டேன்.

இனித் தாளம் வேண்டும். அளவெட்டியைச் சேர்ந்த தவில்காரர் ஒருவர் புத்தூரில் கலியாணம் முடித்து இருந்தார். கச்சேரி இல்லாத நாட்களில் பேக்கரிக்கு வந்து ரோல்ஸ் தின்றுகொண்டு கதைத்திருப்பார். நல்ல பகிடிக்காரர். கேட்டதும் ஓம் என்றார். தவிலைப் பெட்டிக்குள் கொண்டுபோக முடியாதல்லவா. ஆகவே போனைப் பாணுக்கு நடுவில் வைத்து, கதவை ஒரு சாண் திறந்துவிட்டு, அவரை வெளியில் கதிரையில் இருத்தினேன். தாளம் பிசகாமல் இருக்க இயர்போனில் செயலி டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருக்கும். அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றி என் கையில் தந்தார்.

"உது என்ன, பல்லி கத்துற மாதிரி? உதுக்குப் பின்னால நான் போறதோ? வேணுமெண்டால் அதை எனக்குப் பின்னால வரச் சொல்லும்."

"அண்ணை, அது வராது."

"அப்ப உம்மடை மெட்டை மட்டும் கேக்க விடும். என்ன மாதிரி அடிக்க வேணும்?"

"வீதியால வரேக்கை சத்தம் கேட்டு வீட்டுக்குள்ள இருக்கிற சனமெல்லாம் படலைக்கு ஓடி வர வேணும். அப்பிடி அடியுங்கோ."

"அவ்வளவுதானே" என்றார்.

அடித்தார். ஒரே மூச்சில் முடித்தார். பெட்டிக்குள் ரோல்ஸ் துள்ளியது. இன்னொரு முறை பதிவோமா என்று கேட்டேன்.

"ஏன், உம்மடை போனுக்கும் காது கேக்காதோ?"

எல்லாவற்றையும் ஒன்றாக்கி, சிப்பில் ஏற்றி, அடுத்த நாள் பின்னேரம் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். அந்தச் சின்னக் குழாய் ஸ்பீக்கருக்குள்ளால் வரும்போது மவுத் ஓர்கன் தூரத்தில் கேட்கும் நாயனம் போல இருந்தது. எனக்கு அது வடிவாகத்தான் பட்டது. முதல் ஒழுங்கையில் தலைகள் எட்டிப் பார்த்தன. இரண்டாவதில் ஒருவர் சைக்கிளால் இறங்கி நின்றார். கறுப்புக் கண்ணாடிக்காரனின் மெட்டு எங்கோ தூரத்தில் மெலிந்து கேட்டது.

வாழைத்தோட்டத்து ஒழுங்கைக்குள் திரும்பியபோது படலைகளுக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. ஊருக்குப் புதியவன் நான். யாருக்கோ கலியாணம் போலும் என்று நினைத்தேன். அன்று அந்த ஊர்க் கோயிலில் வேட்டைத் திருவிழா. சாமி குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் போவதாக ஒழுங்கைகள் வழியே வருவார். வீட்டுக்கு வீடு படலையில் நிறைகுடம் வைத்து, விளக்கேற்றி, வந்ததும் கற்பூரம் காட்டிக் கும்பிடுவார்கள். இது எனக்குத் தெரியாது. தவில் சத்தம் கேட்டதும் ஒழுங்கை முழுதும் அந்தரப்பட்டதை எல்லாம் நான் வியாபாரம் என்றே நினைத்தேன். ஒரு வீட்டில் மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். இவ்வளவு பாண் வாங்கப்போகிறார்களா என்று எனக்கு ஆச்சரியம்.

வாழைத்தோட்டத்து அக்கா ஈரத் தலையோடு, நிறைகுடத்துக்கு முன்னால் நின்று, கற்பூரத் தட்டை ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வாடிக்கை இடம் என்றபடியால் நானும் அவருக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினேன். தட்டு மூன்று சுற்றுச் சுற்றியது. கண்ணைத் திறந்தார். கண்ணாடிக்குள் முதலை வடிவில் கிம்புலா பணிஸ் அடுக்கியிருந்தது.

மெட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிறகு எதிர் வீட்டு மனிதர் சொன்னார்:

"வடிவாக் கும்பிட்டாச்சு. இனிப் பிரசாதத்தை வாங்குங்கோ அக்கா. கிம்புலா பணிஸோ, மீன் பணிஸோ?"

ஒழுங்கை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"சாமி வாறாரெண்டு வீட்டில இருந்த கற்பூரம் எல்லாத்தையும் உவன்ரை பாணுக்குக் காட்டிப்போட்டன். எடும் ஓட்டோவை. கெதியா எடும். மேளச் சத்தத்தை நிப்பாட்டும் முதல்ல."

நிப்பாட்டினேன். நிப்பாட்டிய பிறகும் மேளம் கேட்டது. அது உண்மையான சாமி, அடுத்த சந்தியில்.

கோயில்காரர் முதலாளிக்குப் போன் எடுத்திருக்கிறார்கள். கோபமாகக் கதைக்கவில்லையாம், சிரிப்பை அடக்கிக்கொண்டு கதைத்தார்களாம். அது இன்னும் மோசம் என்று முதலாளி சொன்னார்.

"இனி உந்த மேளத்தோட அந்தப் பக்கம் போகாதை. மாதம் முடியக் கொஞ்ச நாள்தான் கிடக்கு."

மறுபடியும் பழைய மெட்டு. அக்கா கறுப்புக் கண்ணாடிக்காரனிடம் வாங்கத் தொடங்கினார். நான் வரும் நேரத்தில் படலையில் நின்று, எனக்குத் தெரியும்படி அவனுடைய பாணைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

தவில்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இயர்போனை வாங்கித் தான் அடித்ததைத் தானே கேட்டார். முகம் மாறியது.

"இது சாமி வெளிக்கிடேக்கை அடிக்கிற அடி, தம்பி. கை தானாப் போயிருக்கு. நீர்தானே சொன்னீர், வீட்டில இருக்கிற சனமெல்லாம் படலைக்கு ஓடி வர வேணுமெண்டு. எனக்குத் தெரிஞ்சு வீதியில சாமி வந்தால்தான் சனம் அப்பிடி ஓடி வரும். பாணுக்கு ஆர் ஓடி வாறது?"

"நான் இப்ப என்ன செய்யிறது, அண்ணை?"

"என்ரை சத்தத்தை அடைச்சுவிடும். அது சாமிக்கே இருக்கட்டும். நீர் கரண்டியால தட்டும். உந்த வேலைக்குக் கரண்டிதான் சரி."

அவர் அப்படிச் சொன்னதில் வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. இன்னொரு ரோல்ஸ் கேட்டார்.

அந்த ஒரு பாத்தியை மட்டும் அடைத்தேன். மிச்சம் மவுத் ஓர்கனும் ரீச்சரின் கீபோட்டும். வடிவாக இருந்தது, ஆனால் ஓட்டோ சத்தத்துக்கு மேல் எடுபடவில்லை. அடுத்த நாள் காலை வாழைத்தோட்டத்து ஓரமாக நிறுத்தி, பெட்டிக்குள் தலையை விட்டு, பணிஸ் தட்டில் கரண்டியால் தட்டிப் பதிந்துகொண்டிருந்தேன். பாதியில் பின்னாலிருந்து சத்தம் வந்தது:

"தம்பி, நில்லும். றோஸ் பாண் இருக்கோ?"

திரும்பினால் அக்கா. தட்டையாக முறுகச் சுட்ட றோஸ் பாண் மற்றவனிடம் இல்லையாம். வேறு வழியில்லாமல் வந்திருக்கிறார். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு வாங்கிப் போனார். நல்ல பதிவு கெட்டுப் போனதே என்று எனக்கு எரிச்சல். அழிப்பதற்கு முன் ஒரு முறை போட்டுக் கேட்டேன். கதவு திறந்து கிடந்ததால் அவருடைய குரல் அப்படியே விழுந்திருந்தது. "நில்லும்" என்பது தட்டின் மேல், "இருக்கோ" என்பது மெட்டு மேலே ஏறும் இடத்தில். நாங்கள் மூன்று பேர் மினக்கெட்டும் வராத ஒன்று அதில் இருந்தது.

ரீச்சரிடம் கொண்டுபோனேன். இரண்டு காதிலும் வைத்துக் கேட்டார்.

"இதை அழிச்சீங்களெண்டால் நான் உங்களிட்டைப் பணிஸ் வாங்கமாட்டன். ஆனால் அவவிட்டைக் கேக்காமல் போடக் கூடாது."

கேட்கத்தானே வேண்டும். பின்னேரம் அக்காவின் படலையில் போய் நின்றேன். நான் சொல்லி முடிக்க முன்னமே திட்டத் தொடங்கினார். கற்பூரம், ஈரத்தலை, எதிர் வீட்டு மனிதரின் வாய் என்று எல்லாம் வந்தது. நான் இயர்போனை நீட்டினேன். சந்தேகத்தோடு வாங்கி வைத்தார். கேட்டார். திட்டு நின்றது.

"உது நானோ?"

"ஓம் அக்கா."

"என்ரை குரல் உப்பிடியோ? மூச்சு வாங்கினபடி கிடக்கு." திரும்பவும் கேட்டார். "உதைப் போட்டால் எல்லா ஒழுங்கையிலயும் கேக்குமோ?"

"கேக்கும்."

"சந்தியடியில எங்கடை மச்சாள் வீட்டுக்கும்?"

"அங்கை திருப்பத்தில வடிவாக் கேக்கும்."

"அப்ப பொறும். தண்ணி குடிச்சிட்டு வாறன்."

தண்ணீர் குடித்து, தலையைச் சீவி, வேறு சீலை உடுத்திக்கொண்டு வந்தார். குரல் பதிவதற்குச் சீலை எதற்கு என்று நான் கேட்கவில்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்து, மேடையில் பேசுபவர் போல, "தம்பி அவர்களே, தயவுசெய்து நில்லுங்கள்" என்றார். அது வேண்டாம் என்றேன். அடுத்த முறை செய்தி வாசிப்பது போல வந்தது. அதற்கு அடுத்த முறை சிரித்துவிட்டார். எதிர் வீட்டு மனிதர் மதிலுக்கு மேலால் எட்டி, "கற்பூரத்தையும் காட்டிக்கொண்டு சொல்லுங்கோ அக்கா, அப்பதான் குரல் வரும்" என்றார். அவரோடு ஒரு சண்டை, அதுவும் பதிவானது. கடைசியில் அக்காவே களைத்துப் போய்ப் படலையில் சாய்ந்தார்.

"அந்த முதல் முறை சொன்னதை இன்னொருக்காப் போடும்."

போட்டேன்.

"உதுதான் நான். உதையே வையும்."

மாதத்தின் கடைசி நாள் பின்னேரம் முதலாளி தானும் வருகிறேன் என்றார். எனக்குப் பக்கத்தில் அரைக் குண்டி வைத்து ஏறி இருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படலையையும் பார்த்துக்கொண்டு வந்தார். அவரைப் போகும் வழியில் எங்காவது இறக்கிவிட முடியுமா என்று நான் யோசித்தது உண்மை.

முதல் ஒழுங்கையில் கறுப்புக் கண்ணாடிக்காரன் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். சிலர் அவனிடம் வாங்கினார்கள். முதலாளி அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் ஸ்பீக்கரைப் போட்டேன். மவுத் ஓர்கன், கீபோட், கரண்டி, நடுவில் அக்கா: "தம்பி, நில்லும். றோஸ் பாண் இருக்கோ?" முதலாளி கழுத்தைத் திருப்பி, ஓட்டோவுக்குப் பின்னால் யாரோ ஓடி வருகிறார்கள் என்று பார்த்தார்.

"நில்லடா, ஆரோ கூப்பிடினம்."

"அது பாட்டு, முதலாளி."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள் பாதி, அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்து சிரித்துக்கொண்டு வந்தவர்கள் பாதி. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. சந்தித் திருப்பத்தில் அக்காவின் மச்சாள் படலையில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"உவள் இவ்வளவு நாளும் எங்களிட்டைக் கத்தினது காணாதெண்டு இப்ப ஓட்டோவிலயும் ஏறிட்டாளோ? ரெண்டு றோஸ் பாண் தாரும். என்னிட்டையும் ஒருக்காக் கேளும், நான் அவளை விட வடிவாச் சொல்லுவன்."

வாழைத்தோட்டத்து ஒழுங்கையில் மற்றவன் போய்விட்டிருந்தான். ஒருவரும் அவனிடம் வாங்கவில்லை என்று எதிர் வீட்டு மனிதர் சொன்னார். அக்கா ஒவ்வொரு படலையாகப் போய், தன் குரல் வரும்வரை ஒருவரும் பாண் வாங்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறார். ஓட்டோ வந்ததும் அவர் பாண் வாங்கவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு மெட்டு இரண்டு முறை சுற்றும்வரை கேட்டார். பிறகு முதலாளியைப் பார்த்து, "உது நான்" என்றார். முதலாளி இறங்கி நின்று தலையை ஆட்டினார்.

ரீச்சர் வீட்டுக்குப் போக முதலே மேல் தட்டு வெறுமையாகிவிட்டது. அவருக்கென்று இரண்டு மீன் பணிஸை நான் ஒளித்து வைத்திருந்தேன். அவற்றைக் கொடுத்தபோது முதலாளி கண்டார், காணாதவர் போலத் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் தெரு ஓரமாகப் புகையிலைத் தோட்டம், அதற்கு அப்பால் நான் இதுவரை போகாத ஒழுங்கை ஒன்று. உள்ளே கொஞ்சம் வீடுகள் தெரிந்தன. முதலாளி கையால் நிறுத்தச் சொன்னார். இறங்கி ஒழுங்கை வாயிலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உதுக்குள்ள நீ போறேல்லையோ?"

"இல்லை முதலாளி. றோட்டுச் சரியில்லை. பாண் குலுங்கும்."

"எத்தினை வீடு இருக்கு, பாத்தியோ. உதுக்குள்ளையும் குரல் உள்ள ஒரு மனிசி இருப்பா தானே." ஏறி இருந்தார். "நாளையில இருந்து போ. மெதுவாப் போ."

ஓட்டோவை எடுத்தேன். கொஞ்சத் தூரம் போன பிறகு, தன் அக்காவின் மகனுக்கு வேறு ஏதாவது வேலை பார்க்கவேண்டும் என்று அவர் வயல் பக்கம் பார்த்தபடி சொன்னார். நான் ஸ்பீக்கரை நிப்பாட்ட மறந்திருந்தேன். அவரும் நிப்பாட்டச் சொல்லவில்லை.